மீதியப்பனும் மூன்று கிலோவும்

செம்பாறைப்பட்டி பஸ் டெப்போவில் வேலை பார்த்தவர்களின் உடம்பிலிருந்து இறங்கிய எடையெல்லாம் ஒன்றுசேர்ந்து ஓர் ஆளாகிக் கேன்டீன் பெஞ்சில் வந்து உட்கார்ந்து டீ கேட்டது, ஆவணி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை ஒன்பதே காலுக்கு. அதற்கு முன்னால் அந்த டெப்போவில் ஒருவருக்கும் எடை இறங்கியதாகச் சரித்திரம் இல்லை. ஏறினதுதான் சரித்திரம்.

ஏறாமல் என்ன செய்யும்? டிரைவர் என்றால் எட்டு மணி நேரம் உட்கார்ந்த இடம், கண்டக்டர் என்றால் வண்டி நின்ற நேரத்திலெல்லாம் ஒரு வடை, மெக்கானிக் என்றால் வண்டிக்கு அடியில் படுத்தே கிடக்கும் வேலை. போதாததற்கு மதுரை ரோட்டில் இருக்கிற மோட்டல்காரன், பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்துகிற புண்ணியத்துக்காக, டிரைவருக்கும் கண்டக்டருக்கும் பின்கட்டில் தனி அறை போட்டு, பயணிகள் கண்ணில் படாத கோழிக்காலும், பயணிகளுக்குக் கிடைக்காத நெய் பரோட்டாவும், போதும் போதும் என்று கையால் மறைத்த பிறகும் ஊற்றுகிற சால்னாவுமாகக் காசு வாங்காமல் போட்டான். அவன் போட்டதைத் தின்னாவிட்டால் அவனுக்கு மரியாதைக்குறைவு, தின்றால் பெல்ட்டுக்கு மரியாதைக்குறைவு. அந்த டெப்போ ஆட்கள் எப்போதும் அடுத்தவன் மரியாதையைக் காப்பாற்றுகிறவர்கள்.

அப்படிக் காப்பாற்றிக் காப்பாற்றி நூற்றுநான்கு கிலோவுக்கு வந்திருந்தவர் டிரைவர் வடமலை. முப்பத்துமூன்று வருடம் மதுரை ரோட்டில் ஓட்டியவர். எந்தப் புளியமரத்துக்குப் பிறகு மாடு குறுக்கே வரும், எந்தப் பாலத்தில் காற்று வண்டியை இடப்பக்கம் தள்ளும் என்பதெல்லாம் அவருக்கு உள்ளங்கையில் இருந்தது. வீட்டில் கட்டிலில் உட்கார்ந்தாலும் வலது ஓரத்தில்தான் உட்காருவார், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் வலது கால் எதையோ மிதித்துக்கொண்டே இருக்கும். டிசம்பர் ஐந்தாம் தேதி மருத்துவக் குழு வருகிறது, எண்பத்தைந்து கிலோவுக்குமேல் ஒரு கிலோ இருந்தாலும் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது, டீசல் பங்கில் குழாய் பிடிக்கிற வேலைதான் என்று தலைமை அலுவலகத்திலிருந்து தாள் வந்தபோது, வடமலை அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு மோட்டலில் பரோட்டாவை மூன்றோடு நிறுத்திக்கொண்டார். அவரால் முடிந்த துக்கம் அவ்வளவுதான்.

அந்தத் தாளுக்குப் பின்னாலேயே, பணியாளர் நலவாழ்வுத் திட்டம் என்று ஒரு பெயர்ப்பலகையோடும் ஒரு எடை மிஷினோடும் வந்து இறங்கினாள் நர்ஸ் ஜெபசீலி. முப்பது வயது இருக்கும், குரல் மட்டும் ஐம்பது வயதுக் குரல். முதல் வாரம் எண்ணெயின் தீமைகளைப் பற்றிப் படம் போட்டுக் காட்டினாள், டெப்போ ஆட்கள் நாற்பத்திரண்டு பேரும் காற்றாடிக்கு அடியில் நன்றாகத் தூங்கினார்கள். இரண்டாம் வாரம் யோகாசனப் பாய் கொண்டுவந்தாள், குனிந்து காலைத் தொடச் சொன்னதற்கு டைம் கீப்பர், “தொடுறது இருக்கட்டும் தாயி, காலைப் பார்த்தே ஆறு வருசமாச்சு” என்றார். மூன்றாம் வாரம் அவள் படத்தையும் பாயையும் சுருட்டி வைத்துவிட்டு, ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அண்ணாச்சி, இந்த டெப்போவுல நீங்க யார்கூடப் பேச மாட்டீங்க?”

இப்படி ஒரு கேள்வியை அந்த டெப்போவில் அதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்காமலேயே வயிற்றில் கிடந்த பதில்களெல்லாம் கடகடவென்று வந்தன. எனக்கு எதிரி யாருமே இல்லை என்று பெருந்தன்மையாகச் சொன்னவர் கிளை மேலாளர் பொன்னுரங்கம் ஒருவர்தான், அவர் பெயரைப் பதினேழு பேர் சொல்லியிருந்தார்கள். ஜெபசீலி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, பேசாதவனைப் பேசாதவனோடு சேர்த்து இருபத்தொரு ஜோடி போட்டாள். வண்டி எடுப்பதற்கு முன்னால் ஜோடி ஜோடியாக டெப்போ மைதானத்தைச் சுற்ற வேண்டும், அதற்கு டூட்டி நேரத்திலேயே இருபது நிமிடம், சனிக்கிழமை எடை. “பேச வேண்டாம். நடந்தாப் போதும்” என்றாள்.

வடமலைக்கு வாய்த்த ஜோடி கண்டக்டர் ஆவுடையப்பன். இரண்டு பேரும் பத்தொன்பது வருடமாக ஒரே வண்டியில் ஒரே டூட்டி பார்க்கிறவர்கள், பத்தொன்பது வருடமாக ஒரு சொல் பேசாதவர்கள். ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ, இதற்குமேல் ஒரு டிரைவருக்கும் கண்டக்டருக்கும் என்ன பேச்சு வேண்டியிருக்கிறது? பகை வந்த விதம் இப்படி. ஒரு நாள் நிறைந்த கூட்டத்தில் வடமலை தன் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்ததும் ஆவுடையப்பன், “டிரைவர் ஏறிட்டாரு, வண்டி வலப்பக்கம் சாயுது, நாலு பேரு இடப்பக்கம் வாங்கய்யா!” என்று கத்தினார், நாலு பேர் சிரித்துக்கொண்டே இடப்பக்கம் வந்தார்கள். நாலு பேரில் ஒருத்தி வடமலையின் கொழுந்தியாள். இதை மன்னிக்கிறவன் மனுசனா?

ஆக, இருவரும் நடந்தார்கள். ஒரே மைதானம், நடுவில் நாலடி இடைவெளி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. ஆனால் காது இருக்கிறதே. ஆவுடையப்பன் நாலு சுற்று நடந்தால் வடமலை ஐந்து, வடமலை ஐந்து என்றால் ஆவுடையப்பன் ஆறு, அவர் மோட்டலில் ஒரு பரோட்டாவைத் தள்ளி வைத்தால் இவர் இரண்டைத் தள்ளி வைப்பார். மற்ற இருபது ஜோடிகளும் இப்படித்தான். பேச்சும் படமும் செய்யாததை, பக்கத்தில் நடக்கிறவன் மேல் இருந்த கடுப்பு செய்தது. ஜெபசீலி இதற்கிடையில் மோட்டலுக்கே நேரில் போய், பின்கட்டு அறையில் அரைமணி நேரம் உட்கார்ந்து, நெய் பரோட்டாவுக்குப் பதிலாகக் கேழ்வரகுக் கூழும் அவித்த முட்டையும் கடலைச் சுண்டலும் மோரும் என்று மோட்டல்காரனை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டு வந்தாள். என்ன சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தாள் என்பதை அவளும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. ஒரு வாரத்துக்கு அவன் கடையில் பாட்டு மட்டும் போடவில்லை.

முதல் எடை நாளில் நாற்பத்திரண்டு பேருக்கும் சேர்த்துப் பதினோரு கிலோ இறங்கியிருந்தது. ஜெபசீலி கூட்டிப் போட்டு முடித்த அதே நேரத்தில்தான் கேன்டீன் பெஞ்சில் அந்த உருவம் உட்கார்ந்திருந்தது. ஒன்றரை வயதுக் குழந்தையின் அளவு, ஆனால் முகம் பெரிய மனிதர் முகம், கழுத்து டைம் கீப்பரின் கழுத்து, கன்னம் டயர் செக்‌ஷன்காரரின் கன்னம், இடுப்பில் வடமலையின் மடிப்பு. “ஒரு டீ, சீனி கம்மியா” என்றது. கேன்டீன் மாஸ்டர் டீயை ஆற்றி வைத்தார். அதற்கு டீ குடிக்கத் தெரியவில்லை, தம்ளரைக் கையில் வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தது. அந்த உருவத்தைத் தூக்கி எடை மிஷினில் வைத்தார்கள். பதினோரு கிலோ, ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“நம்மளோடதுதான்” என்றார் டைம் கீப்பர். “போட்டது போட்ட இடத்துல கெடக்காம எந்திரிச்சு வந்திருக்கு. வேற என்ன?”

அவ்வளவுதான், அதற்குமேல் யாரும் ஆச்சரியப்பட்டு நேரத்தைக் கெடுக்கவில்லை, எல்லாருக்கும் வண்டி எடுக்க வேண்டியிருந்தது. அடுத்த சனிக்கிழமை அது இருபத்தாறு கிலோ, அதற்கடுத்தது நாற்பத்தொன்று, வாராவாரம் இவர்கள் எவ்வளவு இறங்கினார்களோ அவ்வளவு அது ஏறியது. கண்டக்டர்கள்தான் பெயர் வைத்தார்கள். சில்லறை இல்லாதபோது டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுப்பார்களே, மீதி என்று, அந்த மீதியையே வைத்து மீதியப்பன் என்றார்கள்.

பெயர் வைத்தபிறகு மற்றதெல்லாம் தானாக நடந்தது. தையல்காரர் நாலு பேருடைய பழைய காக்கியைப் பிரித்து ஒட்டி ஒரு சட்டை தைத்தார், எடை ஏற ஏற பக்கத்தில் ஒரு பட்டை சேர்த்துக்கொண்டே வந்தார். யார் வந்தாலும் எந்த ஊரு, என்ன ஆளுக என்று கேட்பதுதானே அங்கே வழக்கம், மீதியப்பனிடம் கேட்கப் போனவர்கள் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்கள், ஏனென்றால் அவர் இடது தோள் ஓர் ஆளுக, வலது தோள் வேறு ஆளுக, நடு வயிற்றில் எல்லா ஆளுகளும் கிடந்தார்கள். அதனால் கோயில் கொடை விழாவுக்கு வரி கேட்டும் யாரும் வரவில்லை, கொடைக்கு வராதே என்றும் யாரும் சொல்லவில்லை. கோயிலில் முதல் திருநீறு கொடுத்தார்கள், சர்ச்சில் முன் பெஞ்சு கொடுத்தார்கள், தர்காவில் இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள், ஏனென்றால் இரண்டு பேர் இடம் தேவைப்பட்டது.

பொன்னுரங்கம் தலைமை அலுவலகத்துக்கு விவரமாக எழுதினார். மேற்படி நபர் பணியாளரா, பயணியா, சரக்கா என்பதை உடனடியாகத் தெரிவிக்கவும் என்று பதில் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு வேறு என்ன கேட்கத் தெரியும்? பொன்னுரங்கம் மூன்றுக்கும் நேரே ஒரு டிக் போட்டு அனுப்பினார். அதற்குப் பிறகு அங்கிருந்து ஒன்றும் வரவில்லை.

வீட்டுப் பெண்கள் பார்க்க வந்தார்கள். ஒவ்வொருத்தியும் மீதியப்பனைச் சுற்றிவந்து தன் வீட்டுச் சதையைக் கண்டுபிடித்தாள். வடமலையின் மனைவி முப்பிடாதி இடுப்பு மடிப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது எங்க வீட்டு மடிப்புல்லா! இருபத்தெட்டு வருசம் நெய்யும் தயிருமா ஊத்தி வளர்த்தது” என்று கண் கலங்கினாள். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் நல்லெண்ணெய் கொண்டுவந்து அவர் முதுகில் தேய்த்துவிட்டாள். மீதியப்பன் அவளை மட்டும் அம்மா என்றார், மற்ற எல்லாரையும் அண்ணாச்சி என்றார்.

அவருக்கு இருந்த ஒரே ஆசை பஸ்ஸில் போவது. வடமலையின் வண்டியில்தான் ஏறுவார், டிரைவருக்குப் பின்னாலிருக்கிற நீள சீட்டில் உட்காருவார். மழையில் குளத்தங்கரை ரோடு வழுக்கும்போது பின்சக்கரத்துக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டார் என்றால் வண்டி தார்ரோட்டில் போவதுபோலப் போகும். அழுகிற பிள்ளையை அவர் மடியில் போட்டால் போதும், மதுரை வரை தூங்கும். ஒரு வண்டியில் ஏழு பிள்ளைகள் அவர் மேல் தூங்கியது உண்டு. எட்டாவதாக ஒரு ரேஷன் கடைக்காரரும் சாய்ந்து தூங்கினார்.

வடமலை மட்டும் அவரோடு பேசவில்லை. கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரிந்தது. “எங்கொழுப்பும் அந்தப் பய கொழுப்பும் ஒரே சட்டைக்குள்ள ஒட்டி உக்காந்திருக்கு. வெளங்குமா?” என்பார் முப்பிடாதியிடம்.

“ரெண்டும் சண்டை போட்டதா நீங்க பாத்தீங்களா?” என்பாள் அவள்.

நவம்பர் பாதியில் மீதியப்பன் நானூற்றுப் பன்னிரண்டு கிலோவைத் தொட்டார். அன்றைக்கு அவரை பஸ்ஸில் ஏற்றுவதற்கு உள்ளேயிருந்து நாலு பேர் இழுக்க வேண்டியிருந்தது, வெளியேயிருந்து மூன்று பேர் தள்ள வேண்டியிருந்தது. பின்வாசலுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு டிக்கெட் நுழைகிற இடம்கூட இல்லை. இனி ஒரு கிலோ ஏறினாலும் அவரால் வண்டி ஏற முடியாது. மறுநாள் காலையில் டெப்போ வாசலில் கூட்டம் போட்டார்கள். சம்பள உயர்வுக்குக்கூட அவ்வளவு பேர் வந்ததில்லை. மீதியப்பனின் நலனை முன்னிட்டு இன்றுமுதல் இந்த டெப்போவில் யாரும் ஒரு கிராம் எடையும் குறைக்கக்கூடாது, இருப்பதை இருக்கிறபடி வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. எல்லாருக்கும் வசதிதான், எல்லாரும் வேண்டிய அளவுக்கு இறங்கியிருந்தார்கள்.

வடமலை மட்டும் எண்பத்தெட்டில் நின்றார்.

“எனக்கு இன்னும் மூணு கிலோ கெடக்குவே” என்றார் கூட்டத்தில்.

“மூணு கிலோவுக்காக அந்தப் பிள்ளையை வண்டி ஏறவிடாமப் பண்ணுவீரா?” என்றார் டைம் கீப்பர். “டீசல் பங்குல நல்ல நிழல் இருக்கு அண்ணாச்சி. நாற்காலிகூட உண்டு.”

“நாற்காலி இருக்கு. ஓடுமா அது?” என்றார் வடமலை. அவர் கூட்டத்தைவிட்டு நடந்து போய், நின்றிருந்த தன் வண்டியின் ஆசனத்தில் ஏறி, சாவி போடாமலேயே ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முக்கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பதினெட்டு நாள் இருந்தது.

ஜெபசீலி அன்றைக்கு இன்னொரு தலைவலியோடு உட்கார்ந்திருந்தாள். மெலிகிறதையே பார்த்துக்கொண்டிருந்ததில் எங்கே நிறுத்துவது என்று சொல்ல மறந்துவிட்டாள், அது அவள் தப்பு, அவளே ஒப்புக்கொண்டாள். ஆவுடையப்பன் ஐந்தடி பதினோரு அங்குலம், எழுபத்தெட்டில் ஆரம்பித்தவர். வடமலை விட்டதற்கெல்லாம் ஒன்று கூட விட்டு, வடமலை நடந்ததற்கெல்லாம் ஒன்று கூட நடந்து, நாற்பத்தேழு கிலோவுக்கு வந்திருந்தார். டிக்கெட் பையைத் தோளில் போட்டால் பைப்பக்கமாக வளைந்தார். ஐம்பதுக்குக் கீழே போன கண்டக்டரையும் மருத்துவக் குழு வண்டியில் விடாது, கிடங்கில் டிக்கெட் ரோல் அடுக்கப் போகவேண்டியதுதான். அவர் சாப்பிடாமல் இல்லை. ஜெபசீலி கண்முன்னாலேயே ஆறு முட்டை தின்றார். ஆனால் வடமலை டீக்கடை வரைக்கும் நடந்தாலும் ஆவுடையப்பனின் கால்கள் தாமாக எழுந்து அதற்கு இரண்டு மடங்கு நடந்துவிட்டு வந்தன. பழக்கம் காலில் ஏறிவிட்டது, சொன்னால் கேட்கவில்லை.

இந்தக் கணக்கை நேராகப் போட்டவள் முப்பிடாதி. மத்தியானச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

“உங்களுக்கு மூணு போகணும். அவருக்கு மூணு வரணும். நடுவுல அந்தப் பிள்ளை இருக்கான். நீங்க எறக்குறது அவங்கிட்டப் போவுது. அவன் அதை எடுத்து அவருக்குக் குடுத்துட்டா அவனும் பெருக்க மாட்டான். இதுக்கு எதுக்கு ஊர்கூடித் தீர்மானம்?”

வடமலை கையை உதறிவிட்டு எழுந்தார். “எவ்வளவு அருமையான சதை! அதைத் தூக்கி அவனுக்குக் குடுக்கவா? பேசாமக் கெடட்டி!”

“அப்ப டீசல் குழாயைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. உங்க வண்டியை வேற எவனாவது ஓட்டிட்டுப் போகட்டும். நான் அதுல ஏறி எங்கம்மா ஊருக்குப் போறேன்.”

வேறு எவனாவது என்ற அந்தச் சொல், அவருக்குச் செம்பாறைப்பட்டியிலிருந்து மதுரை வரைக்கும், மதுரையிலிருந்து திரும்பிப் பாதி தூரம் வரைக்கும் காதுக்குள் வண்டுபோலச் சுற்றியது. மூன்று நாள் சுற்றியது. நாலாம் நாள் பகல் வண்டியில், குளத்தங்கரைக்கு முன்னால், அவர் ரோட்டைப் பார்த்தபடியே தொண்டையைச் செருமினார்.

“மீதியப்பா.”

அவர் மீதியப்பனிடம் பேசிய முதல் சொல் அதுதான். “சொல்லுங்க அண்ணாச்சி” என்றார் மீதியப்பன், மடியில் கிடந்த இரண்டு பிள்ளைகள் எழுந்துவிடாதபடி மெதுவாக.

“பின்னால ஒரு ஒட்டடைக்கம்பு பையை மாட்டிக்கிட்டு நிக்குதுல்லா, அதுகிட்ட ஒண்ணு கேளு.”

கடைசி சீட்டுப் பக்கத்திலிருந்து ஆவுடையப்பன் குரல் வந்தது. “என்னன்னு கேக்கச் சொல்லு மீதியப்பா. அந்த நெல்லுக்குதிருக்கு நாக்கு எப்ப மொளைச்சுதுன்னும் கேட்டுச் சொல்லு.”

“மூணு கிலோ வேணுமா வேண்டாமான்னு கேளு.”

“யாரு மூணு கிலோன்னு கேளு.”

வடமலை குளத்தங்கரை முழுவதும் ரோட்டையே பார்த்து ஓட்டினார். கரை முடிந்து மடை தாண்டியதும், “எம்மூணு கிலோதான்” என்றார்.

வண்டிக்குள் அறுபது பேரும் திரும்பி ஆவுடையப்பனைப் பார்த்தார்கள். முருங்கைக்காய்க் கட்டு வைத்திருந்த ஒரு அம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள். “வாங்கிக்கிடும் தம்பி. நல்லா உண்டு வளர்ந்த ஒடம்பு. பழுதிருக்காது.”

“நீ சும்மா இரும்மா” என்ற ஆவுடையப்பன், முன்னால் நகர்ந்து வந்தார். “மீதியப்பா, ஒங்கிட்ட நாலு குவிண்டாலுக்குமேல கெடக்கு. டைம் கீப்பருது இருக்கு, மேனேஜருது இருக்கு. அதுல ஒரு மூணு குடு. இது வேண்டாம்.”

“அதெல்லாம் அடியில போயி ஒண்ணுக்குள்ள ஒண்ணாக் கலந்துட்டு அண்ணாச்சி. எனக்கே எது எதுன்னு தெரியலை. இப்ப புதுசா மேல என்ன வருதோ, அதைத்தான் கிள்ள முடியும். மத்தவங்கதான் எளைக்க மாட்டோம்னு தீர்மானம் போட்டுட்டாங்களே.” மீதியப்பன் மடியில் கிடந்த பிள்ளைகளைச் சரியாகப் படுக்க வைத்துக்கொண்டு, “எனக்கு நாளைக்கும் இந்த வண்டியில வரணும். நீங்க ரெண்டு பேரும் இருந்தாத்தான் இது இந்த வண்டி” என்றார்.

ஆவுடையப்பன் ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பெல்ட்டில் அவர் ஆணியால் போட்ட ஓட்டை மட்டும் ஏழு இருந்தது.

“வாங்கிக்கிடுதேன்னு சொல்லு. ஆனா நன்றின்னு ஒரு வார்த்தை என் வாயிலேருந்து வராதுன்னும் சொல்லு.”

“வந்தா நான் தரமாட்டேன்னு சொல்லு” என்றார் வடமலை.

ஆவுடையப்பன் இரண்டு விசில் அடித்தார், ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கே.

பாக்கியிருந்த பதினான்கு நாளும் செம்பாறைப்பட்டி டெப்போவில் நடந்தது இதுதான். மழை பெய்தது, மைதானத்தில் தண்ணீர் நின்றது, வடமலை வண்டி நிறுத்துகிற கொட்டகைக்குள்ளேயே பஸ்களுக்கு நடுவில் புகுந்து புகுந்து நடந்தார். ஆவுடையப்பனின் கால்கள் எழுந்து ஓடிவிடாமல் இருப்பதற்காக மீதியப்பன் அவரைத் தூக்கி மடியில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். எதிரில் நடக்க ஆளில்லாமல் வடமலைக்கு வேகம் குறைந்தபோதெல்லாம் மடியில் இருந்தபடியே ஆவுடையப்பன் குரல் கொடுத்தார். “மீதியப்பா, என்ன வண்டி பஞ்சரா? ஸ்டெப்னி இருக்கான்னு கேளு!” அந்தப் பேச்சு காதில் விழுந்ததும் வடமலைக்குக் கால் பற்றிக்கொண்டு எரியும், இன்னும் ஐந்து சுற்று போவார். தீர்மானம் போட்டவர்களும் வந்து சுற்றி நின்று, யாருக்கு ஆதரவு என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் கைதட்டினார்கள். ஜெபசீலி மிஷினைக் கொட்டகைக்கே கொண்டுவந்துவிட்டாள்.

வடமலைக்கு ஒரு கிலோ இறங்கியதும் மீதியப்பனின் வயிற்றுக்கு மேலே மெத்தென்று ஒரு புது மடிப்பு எழும்பியது. அவர் அதை, பரோட்டா மாஸ்டர் மாவிலிருந்து உருண்டை கிள்ளுகிற மாதிரி மூன்று விரலால் கிள்ளி எடுத்து, உள்ளங்கையில் ஒரு உருட்டு உருட்டி, ஆவுடையப்பனின் வயிற்றில் வைத்து அமுக்கினார். அது பிடித்துக்கொண்டது. “சுடுது” என்றார் ஆவுடையப்பன்.

“அது ஒரிஜினல்வே, சுடத்தான் செய்யும்” என்று நடந்துகொண்டே வடமலை சொன்னார், யாரிடம் என்றில்லாமல்.

டிசம்பர் ஐந்தாம் தேதி மருத்துவக் குழு வந்தது. வடமலை எண்பத்தைந்து. ஆவுடையப்பன் ஐம்பது. அவர் எடை பார்ப்பதற்கு முன்னால் டிக்கெட் பையைக் கழற்றிவிட்டாரா என்று வடமலை ஜன்னல் வழியாகப் பார்த்து உறுதி செய்துகொண்டார். மீதியப்பன் நானூற்றுப் பன்னிரண்டு. அவரையும் பார்த்த பெரிய டாக்டர், “இவர் ரத்தக் கொதிப்பு எவ்வளவு?” என்று கேட்டார். பார்த்தார்கள். டெப்போவிலேயே அவருக்குத்தான் சரியாக இருந்தது. தீர்மானம் போட்டபடி மற்றவர்கள் இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டு நடக்கிறார்கள், யாராவது ஒருவருக்குத் தவறிக் குறைந்தால் இன்னொரு மெலிந்தவர் வந்து கிள்ளு வாங்கிக்கொள்கிறார். பிள்ளை பெற்றவர்கள், டைபாய்டில் கிடந்து எழுந்தவர்கள் என்று ஊரிலிருந்தும் கேட்டு வருகிறார்கள், ஜெபசீலி அதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறாள்.

வடமலைக்கு ஸ்டியரிங் நிலைத்தது. நிம்மதிதான் நிலைக்கவில்லை. கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் ஆவுடையப்பனின் பெல்ட்டுக்கு மேலே, இடப்பக்கம் லேசாகச் சரிந்த ஒரு மடிப்பு தெரிந்தது, அது அவர் மடிப்பு. பஸ் ஸ்டாண்டில் முப்பிடாதிகூட ஆவுடையப்பனைப் பார்த்துவிட்டு, பார்த்த இடத்திலேயே நின்றாள். “கொஞ்சம் வாடியிருக்கே” என்றாள் வீட்டுக்கு வந்து.

வாடத்தான் செய்தது. மார்கழி பிறந்ததும் ஆவுடையப்பன் சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டார். கருப்பு வேட்டி, ஒரு வேளைச் சாப்பாடு. மாலை போட்டவரை யாராயிருந்தாலும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும், பகையாளியானாலும் மாற்றிக் கூப்பிட்டால் பாவம். வடமலைக்கு அதில் சிக்கலில்லை, அவர்தான் கூப்பிடுவதே கிடையாதே. ஆறு நாள் கண்ணாடியில் பார்த்தார். ஏழாம் நாள் மடிப்பு பாதியாகியிருந்தது.

அன்றைக்கு மோட்டலில் வண்டியை நிறுத்தியதும் அவர் பின்கட்டுக்குப் போகவில்லை. முப்பிடாதி கொடுத்தனுப்பிய சுண்டல் டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கி, வண்டியைச் சுற்றிவந்து, பின்வாசல் படியில் கண்ணை மூடிச் சரணம் சொல்லிக்கொண்டிருந்த ஆவுடையப்பனுக்கு முன்னால் நின்றார். மூடியைத் திறந்து நீட்டினார். பத்தொன்பது வருடம் பூட்டிக் கிடந்த வாய் எப்படித் திறக்கும் என்று பார்க்க அறுபது பேர் ஜன்னலில் தலையை நீட்டினார்கள்.

“சாமி” என்றார் வடமலை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் சொன்னார். “தின்னும் சாமி.”

“விரதம்” என்றார் ஆவுடையப்பன்.

“விரதம் ஒமக்கு. மாலை போட்டது நீரு. அந்த மூணு கிலோ போடலை. அது இன்னும் எம்பிள்ளைதான், பட்டினி போட ஒமக்கு என்ன உரிமை?”

ஆவுடையப்பன் யோசித்தார். அதில் இருக்கிற நியாயத்தைத் தேடிப் பார்த்தார், இருந்தது. ஒரு கைப்பிடி அள்ளி வாயில் போட்டார். மீதியப்பன் உள்ளேயிருந்து அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் வண்டி முழுவதும் தொட்டில்போல ஆடியது, அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எழவில்லை.

“எல்லாத்தையும்” என்றார் வடமலை, டப்பாவை ஆட்டிக் காட்டி. கடைசிக் கடலை உள்ளே போகும்வரை அந்த இடத்தைவிட்டு அவர் நகரவில்லை. மதுரை வண்டி அன்றைக்கு நாலு நிமிடம் தாமதம்.